வெரி வேறு, டூ வேறு

போன ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டுப் பெண் ஒரு நோட்டோடு வந்தாள். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். அடுத்த வாரம் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. "தாத்தா, நான் பேசப்போறதை எழுதி வெச்சிருக்கேன். ஒரு தடவை பாத்துக் குடுங்க" என்றாள்.

மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். "ஐ வில் பி டூ ஹேப்பி டு ஜாயின் யுவர் கம்பெனி." அதாவது, உங்கள் கம்பெனியில் சேர முடியாத அளவுக்கு நான் சந்தோஷமாக இருப்பேன்!

"ஏம்மா, இங்க 'வெரி' போட்டா என்ன?" என்று கேட்டேன். "வெரின்னா சாதாரணம் தாத்தா. டூ போட்டாத்தான் இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்னு கிளாஸ்ல சொன்னாங்க" என்றாள். நோட்டின் முன்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தது: வெரி என்றால் மிக, டூ என்றால் மிக மிக.

அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் அந்தப் பெண்ணின் மேல் இல்லை. காசு வாங்கிக்கொண்டு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல். கொஞ்சம் என் மேலும்தான். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் தப்பாகப் பேசுகிறவர்களைக் கேலி செய்கிற கட்சி இல்லை நான். வல்லம் வடகாலில் குடியிருக்கிறவனுக்கு அந்தக் கேலி பொருந்தவும் பொருந்தாது. நாங்கள் வந்தபோது இங்கே ஏரியும் வயலும்தான். இன்று சிப்காட் வளாகம். 2024 ஆகஸ்டில் இங்கே திறந்த தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ, தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, வீட்டைத் தாங்க வந்த பிள்ளைகள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும் கொரியாக்காரர், ஜப்பான்காரர், ஜெர்மன்காரர் எல்லோரோடும் இவர்கள் பேச வேண்டியது இங்கிலீஷில். எல்லோருக்குமே அது இரண்டாம் மொழி. அப்படிப்பட்ட இடத்தில் சொல் சுத்தமாக இருக்க வேண்டாமா? அழகுக்காகக் கேட்கவில்லை, ஆபத்து இருக்கிறது என்பதற்காகக் கேட்கிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு இந்த 'டூ' பழைய சிநேகிதம். ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தில் வாக்கியங்களை மாற்றி எழுதும் பாடத்தில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. 'டூ'வை எடுத்துவிட்டு 'ஸோ... தட்... நாட்' போட்டு எழுது என்பார்கள். 'ஹி இஸ் டூ வீக் டு வாக்.' அவன் நடக்க முடியாத அளவுக்குப் பலவீனமாக இருக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றி எழுதி மார்க் வாங்கினோம். அந்த 'நாட்' எங்கிருந்து வருகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வெளியே தெரியாமல் அந்த 'டூ'வுக்குள்ளேயே ஒரு 'முடியாது' உட்கார்ந்திருக்கிறது. விஷயமே அதுதான்.

வெரி என்பது பொருளைப் பற்றிய சொல். டூ என்பது வரம்பைப் பற்றிய சொல். 'காபி வெரி ஹாட்' என்றால் காபி நல்ல சூடு, சந்தோஷமாகக் குடி. 'காபி டூ ஹாட்' என்றால் குடிக்க முடியாத சூடு, ஆற்றிக் கொடு. முதலாவதில் ஒரு வர்ணனை இருக்கிறது. இரண்டாவதில் ஒரு வரம்பு தாண்டப்பட்டிருக்கிறது, யாராவது ஏதாவது செய்தாக வேண்டும்.

சின்ன வயதில் சண்டை வந்தால் கட்டை விரலையோ சுண்டு விரலையோ நீட்டி 'டூ' விடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் நினைவில் வைக்க வசதி. நம்ம 'டூ'வும் ஏதோ முறிந்துபோச்சு என்றுதான் சொல்லும், இங்கிலீஷ் 'டூ'வும் அதையேதான் சொல்லும்.

"தமிழ்ல ரெண்டுக்கும் 'ரொம்ப'தானே சார், நம்ம பிள்ளைங்க குழம்பத்தானே செய்யும்" என்று சிலர் சொல்லக்கூடும். பாதி உண்மை. 'ரொம்ப' என்பது 'நிரம்ப' என்பதிலிருந்து வந்தது. நிரம்புவது வேறு, வழிவது வேறு. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. அது நிரம்பினால் சென்னைக்குக் குடிதண்ணீர், எல்லோருக்கும் சந்தோஷம். அதற்கு மேல் வந்தால் மதகைத் திறந்தாக வேண்டும். 2015 டிசம்பரில் அடையாற்றுக் கரையில் இருந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் இலக்கணம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

வீட்டிலும் பாருங்கள். 'உப்பு நிறையப் போட்டேன்' என்று சொல்வது வேறு, 'உப்பு கூடிப்போச்சு' என்று சொல்வது வேறு. இரண்டாவதைச் சொன்னவுடனே வீட்டுக்காரி உருளைக்கிழங்கைத் தேடுவாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாம் சொல்வதிலும் அந்த 'மிஞ்சினால்'தான் டூ. நம் பிள்ளைகள் 'ரொம்ப ஓவராப் பேசாதே' என்கிறார்களே, அந்த 'ஓவர்' கூட டூவின் வேலையைத்தான் செய்கிறது. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில், 475-ஆம் குறளில், மயிலிறகை ஏற்றின வண்டிக்கும் அச்சு முறியும், ஏற்றுவது அளவை மீறினால், என்கிறார். ஒரகடம் ரோட்டில் ஓவர்லோடு லாரி அச்சு முறிந்து நிற்பதைப் பார்க்கிற எவருக்கும் இது புரியும். மயிலிறகு வெரி லைட். ஏற்றினது டூ மச். ஆகத் தமிழனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று சொல்பவனுக்குத் தமிழும் தெரியாது.

கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்கிறேன். 'கோ, நோ-கோ' கேஜ் தெரியும் அல்லவா? ஒரு துளையின் அளவு 25 மில்லிமீட்டர், கூடவோ குறையவோ 0.02 வரை போகலாம் என்று டிராயிங் சொன்னால், 25.02 வரை பாஸ். 25.03 வந்தால் ரிஜெக்ட். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். 25.03 துளையை 'வெரி பிக்' என்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், அது ஒன்றும் பெரிய துளை இல்லை. ஆனால் அது 'டூ பிக்'. சரியாகச் சொன்னால், டூ என்பது இங்கிலீஷ் மொழியின் நோ-கோ கேஜ். அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பாராட்டு விழாவில் மாலைக்குப் பதிலாகப் போடுகிறோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2008 கோடைக்காலம். ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பொறுப்பில் இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். பெயின்ட் ஷாப் அவனில் சூடான காற்றை இழுக்கிற ப்ளோயர் ஒன்று. அதன் பேரிங்குக்கு 80 டிகிரி என்று வரம்பு வைத்திருந்தோம். ஷிப்ட் லாக் புக்கை இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்பது உத்தரவு, வெளிநாட்டு ஆடிட்டர் வருவார் என்பதற்காக.

அந்த லைனில் ஒரு ஆபரேட்டர். நல்ல உழைப்பாளி. அவர் எழுதுவதில் எல்லாமே 'டூ'தான். கேன்டீன் யோசனைப் புத்தகத்தில் 'சாம்பார் டூ குட்' என்று எழுதுவார். லாக் புக்கில் 'டூ சவுண்ட்', 'டூ டஸ்ட்' என்று எழுதுவார். ஒருநாள் 'ப்ளோயர் பேரிங் டூ ஹாட்' என்று எழுதியிருந்தார். தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். 62 டிகிரி. இரண்டு நாள் கழித்து மறுபடி அதே வரி. போய்ப் பார்த்தேன், 60. மூன்றாவது தடவை நானும் இன்னொரு இன்ஜினியரும் அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தோம். "நம்ம டூ குட் சாம்பார் எழுதியிருக்காரு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு தினமும் கையெழுத்து மட்டும்தான், தெர்மாமீட்டர் இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ராத்திரி ஷிப்டில் அதே வரி. காலையில் கையெழுத்துப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் ப்ளோயர் அலற ஆரம்பித்தது. நிறுத்தினார்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், ஹெல்பர், ப்ளம்மர் பிளாக்கின் மூடியைக் கழற்றப் போனார். உருகிப்போன கிரீஸ் கையில் தெறித்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் உரிந்துவிட்டது. மூன்று வாரம் வேலைக்கு வர முடியவில்லை.

விசாரணையில் அந்த ஆபரேட்டர் சொன்னது ஒரே வாக்கியம். "நான்தான் எழுதினேனே சார்." எழுதித்தான் இருந்தார். கீழே என் கையெழுத்தும் இருந்தது.

எல்லாம் அடங்கின பிறகு ஒருநாள் அவரோடு டீ குடிக்கும்போது கேட்டேன். "ஏம்ப்பா, தினமும் டூ ஹாட், டூ ஹாட்னு எழுதினா எனக்கு எப்படித் தெரியும்?" அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மத்த நாள்ல சூடு இருந்துச்சு சார். அன்னிக்குக் கை வைக்க முடியல."

நண்பர்களே, இந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. மற்ற நாளில் சூடு, அன்றைக்குக் கை வைக்க முடியாத சூடு. வெரி ஹாட், டூ ஹாட் டு டச். அந்த மனுஷனுக்கு வித்தியாசம் துல்லியமாகத் தெரிந்திருந்தது, தமிழில். அவருக்கு யாரோ கற்றுக்கொடுத்த இங்கிலீஷ்தான் அதை அழித்துவிட்டது. தமிழில் எழுத விட்டிருந்தால் ஒரு கை வெந்திருக்காது.

இது எங்கள் பெயின்ட் ஷாப்போடு நிற்கிற சமாச்சாரம் இல்லை. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியா நாட்டு அவியான்கா விமானம் ஒன்று நியூயார்க்கில் இறங்க இடமில்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றியது. விமானிகள் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள், முன்னுரிமை வேண்டும் என்றார்கள். 'எமர்ஜென்சி' என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. கீழே இருந்தவர்களுக்கு அது வழக்கமான முறையீடாகவே கேட்டது. வரம்பு தாண்டியாயிற்று என்று சொல்ல ஒரு சொல் தனியாக இருந்தது, அது வரவில்லை. விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். அங்கே எச்சரிக்கைச் சொல்லைச் சொல்லவே இல்லை. இங்கே நாம் எல்லாவற்றுக்கும் அதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான், கேட்பவன் எழுந்து ஓடி வரமாட்டான்.

இதை டீக்கடையில் சொன்னபோது பாங்கியில் இருந்து ரிடையர் ஆன என் நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. "புரிஞ்சாப் போதாதாய்யா? 'யுவர் சாரி இஸ் டூ குட்'னு சொன்னா யாருக்குப் புரியல?" என்றார். புடவைக்குப் புரியும், பேரிங்குக்குப் புரியாது. பேசுகிறவர் முகத்தைப் பார்த்தால் பாராட்டா எச்சரிக்கையா என்று தெரிந்துவிடும். லாக் புக்குக்கு முகம் இல்லை. ராத்திரி ஷிப்டில் எழுதினதைக் காலை ஷிப்டில் வேறொருவன் படிக்கிறான். அவனுக்குக் கிடைப்பது அந்த மூன்று எழுத்து மட்டும்தான்.

அடுத்து அவர் பெரிய அஸ்திரத்தை எடுத்தார். "மொழின்னா மாறத்தான்யா செய்யும். கொரியாக்காரனே மாத்திட்டான்." அவர் சொன்னது நிஜம்தான். கொரிய மொழியில் 'நொமு' என்று ஒரு சொல். நம் டூ மாதிரியே, வரம்பு மீறினதற்கு மட்டும், கெட்டதற்கு மட்டும் வர வேண்டும் என்று அவர்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஜனங்கள் கேட்கவில்லை. 'நொமு நல்லா இருக்கு' என்று பேசிப் பேசி, கடைசியில் 2015 ஜூனில் அவர்களுடைய தேசிய மொழி நிறுவனமே நல்லதற்கும் சொல்லலாம் என்று அகராதியில் திருத்திவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொரியாக்காரரும் நம்ம ஊர்ப் பையனும் ஒருத்தரை ஒருத்தர் 'டூ குட், டூ குட்' என்று பாராட்டிக்கொண்டால் இரண்டு பேருக்குமே சந்தோஷம்தான்.

ஆனால் என் நண்பர் ஒன்றை மறந்துவிட்டார். கொரியாக்காரர்களுக்கு 'மிதமிஞ்சி' என்று சொல்ல வேறு சொல் கையில் இருக்கிறது. ஒன்று தேய்ந்தால் இன்னொன்று. நம் பிள்ளைகளிடம் டூவை வாங்கிக்கொண்டு பதிலுக்கு வேறு என்ன கொடுத்தோம்? தவிர, அவர்கள் மாற்றினது அவர்களுடைய சொந்த மொழியை. இங்கிலீஷ் நமக்கும் அவர்களுக்கும் நடுவில் இருக்கிற பொது அளவுகோல். நம் ஊர் வசதிக்கு நாம் மட்டும் அடியைப் பத்து அங்குலமாக்கிக்கொண்டால் கட்டடம் நிற்காது.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலீஷ்காரனே டூவை நல்லதற்கும் சொல்லும் இடங்கள் உண்டு. 'யூ ஆர் டூ கைண்ட்' என்பான். எனக்குத் தகுதி இல்லாத அளவுக்கு அன்பு காட்டுகிறீர்கள் என்று பணிவாகச் சொல்வது அது. அங்கேயும் ஒரு வரம்பு தாண்டப்பட்டிருக்கிறது. 'ஒன்லி டூ ஹேப்பி' என்று ஒரு மரபுத்தொடரும் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லட்டும். சினேகிதர்களுக்குள் 'படம் டூ குட்' என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். பேரன் சொல்கிறான், சிரித்துக்கொண்டு விட்டுவிடுகிறேன். என் சண்டை மூன்று இடங்களுக்கு மட்டும்தான்: லாக் புக், டாக்டர் அறை, இன்டர்வியூ. 'டூ பெயின்' என்று பாட்டி தினமும் சொன்னால், நிஜமாகவே தாங்க முடியாத வலி வரும் அன்றைக்கும் டாக்டர் அதே மாத்திரையைத்தான் எழுதுவார்.

ஆக நான் குற்றம் சொல்வது இரண்டு பேரை. ஒருவர், 'டூ என்றால் மிக மிக' என்று சிவப்பு மையில் எழுதவைத்துக் காசு வாங்குகிறவர். அவர் இலக்கணப் பிழை மட்டும் செய்யவில்லை, ஒரு எச்சரிக்கை மணியின் நாக்கைப் பிடுங்கிவிட்டு, அழகுக்குத் தொங்கவிடலாம் என்று விற்கிறார். இன்னொருவர், தப்பு என்று தெரிந்தும் திருத்தாமல் சிரித்துவிட்டுப் போகிற என்னைப் போன்ற படித்தவர். ஐந்து நிமிஷம் அந்த ஆபரேட்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மனசு நோகுமே என்று நினைத்ததாக அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். சிரிப்பது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு லாக் புக்கை மாற்றினோம். ஒரு கட்டத்தில் இன்றைய டிகிரி, அடுத்த கட்டத்தில் வரம்பு டிகிரி. முதல் எண் இரண்டாவதைத் தாண்டினால் மட்டும் டூ எழுதலாம். குறிப்பைத் தமிழிலும் எழுதலாம் என்று மேலே பேசி அனுமதி வாங்கினேன். ஆடிட்டர் வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தமிழில் எழுதினால் ஆடிட் போய்விடும் என்று நாங்கள் பயந்ததெல்லாம் எங்கள் கற்பனை.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். பிறகு ஒரே ஒரு விதி சொன்னேன். டூ எழுதப்போகும்போது நிறுத்தி, "எதுக்கு?" என்று கேள். டூ ஹாட்: எதுக்கு? கை வைக்க. டூ டைட்: எதுக்கு? கழற்ற. டூ லேட்: எதுக்கு? பஸ் பிடிக்க. பதில் வந்தால் டூ எழுது. டூ ஹேப்பி: எதுக்கு? பதில் இல்லையா, அப்போ வெரி. அவள் இரண்டு நிமிஷம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "அப்போ 'முடியாத அளவுக்கு'ன்னு தமிழ்ல சொல்ல முடிஞ்சா டூ, இல்லாட்டி வெரி. அவ்ளோதானே தாத்தா?" என்றாள். நான் இத்தனை பக்கம் எழுதியதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். நோட்டை வாங்கி, அந்தச் சிவப்பு வரியை அவளே அடித்தாள்.

அந்த ஹெல்பரை இன்றும் வல்லம் கூட்ரோட்டில் எப்போதாவது பார்ப்பேன். இப்போது பேரன் எடுத்துவிட்டார். "சார், நல்லா இருக்கீங்களா?" என்று கை தூக்குவார். தூக்குகிற கையில் அந்தத் தழும்பு தெரியும்.

உங்கள் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் கோச்சிங் போய்க்கொண்டிருப்பார்கள். இன்றைக்குச் சாயங்காலம் நோட்டை வாங்கிப் பாருங்கள். 'டூ என்றால் மிக மிக' என்று எங்கேயாவது எழுதியிருந்தால் சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, அடித்துத் திருத்துங்கள். ஐந்து நிமிஷம் போதும்.